விழித்தெழுபவருக்கு இரண்டு பங்கு

டென்வர்
4 பிப்ரவரி 2001

அன்புத் தங்கை ஜைனபுக்கு,

ஸலாம். நீ அனுப்பிய கட்டடக்காரரின் ஒப்பந்தம் வந்து சேர்ந்தது. வாப்பா கட்டிய வீட்டை இடித்துவிட்டு ஏழு மாடி எழுப்புவார், பாதி வீடுகள் அவருக்கு, பாதி நமக்கு. புரிகிறது. ஆனால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். காரணம் சொன்னால் கோபப்படுவாய், சொல்லாவிட்டாலும் கோபப்படுவாய். அதனால் சொல்லிவிடுகிறேன்.

டிசம்பரில் எனக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இந்த ஊரிலுள்ள ஒரு கம்பெனியில் பெயர் பதிந்தேன். நான் இறந்தவுடன் உடலைக் கெடவிடாமல் திரவ நைட்ரஜனில் வைத்துவிடுவார்கள். என்றைக்காவது மருத்துவம் வளர்ந்து, பழுதான இதயத்தைச் சரிசெய்து எழுப்ப முடிந்தால் எழுப்புவார்கள். காலமெல்லாம் குளிர்சாதன எந்திரங்களோடு குடும்பம் நடத்தியவன் நான். குளிர் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று ஓரளவு தெரியும். நிச்சயம் நடக்கும் என்று சொல்லவில்லை. நடக்கவே நடக்காது என்றும் யாரும் சொல்ல முடியாது.

எழுந்தால் எங்கே போவேன்? மனைவி மக்கள் இல்லை. அந்த வீட்டில் எனக்கு இரண்டு பங்கு இருக்கிறது, உனக்கு ஒரு பங்கு. அதற்காகவே இத்தனை வருடமும் இங்கே குடியுரிமை வாங்காமல் பர்மா பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். வீடு இருக்கிறபடியே, என் பெயரிலேயே இருக்க வேண்டும். சட்டத்தில் அதற்கு என்ன வழி என்று ஒரு வக்கீலைப் பார்த்துக் கேள்.

நிலோஃபருக்கு என் துஆ.

காக்கா
தஸ்தகீர்

❖

29ஆம் தெரு, யாங்கோன்
11 மார்ச் 2001

காக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பதில் ஸலாம் கடமை என்பதால் சொல்கிறேன். மனசோடு சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாரடைப்பு வந்ததைக் கட்டட ஒப்பந்தத்துக்குக் கீழே ஒரு வரியில் எழுதுகிற அண்ணன் உலகத்தில் உங்களைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார். அந்த வரியைப் படித்து அழுதுகொண்டிருக்கும்போதே அடுத்த வரி வந்துவிட்டது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கல்லாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். நிலோஃபர் கடிதத்தைப் பிடுங்கிக் கொண்டு எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். கடையில் லைங் தாயா தையல் கம்பெனிக்குப் பொத்தான் வாங்க வந்தவர் நின்றிருந்தார். அவருக்கும் தமிழ் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“உம்மா, மாமா மீன் மாதிரி ஐஸ்ல இருக்கப் போறாரா?” என்றாள் உங்கள் மருமகள்.

“மீனை யாரும் திரும்ப ஆத்துல விடுறதில்லையே” என்றார் அவர்.

காக்கா, நான் படித்தவள் இல்லை. எனக்கு இரண்டே கேள்விதான். உங்களைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி போடுவது யார்? நான் எந்தக் கபர்ஸ்தானுக்குப் போய் யாஸீன் ஓதுவேன்?

பங்கைப் பற்றிச் சொன்னீர்கள். உங்களுக்கு இரண்டு, எனக்கு ஒன்று, மார்க்கம் சொன்ன கணக்கு, சரி. ஆனால் கூரை ஒழுகினால் மட்டும் முழுப் பங்கும் எனக்குத்தான் வருகிறது. உங்கள் அறைக்கு மேலே ஓடு உடைந்து, மழைக்காலம் பூராவும் உங்கள் கட்டிலில் மூன்று வாளி படுத்திருக்கின்றன. நிலோஃபர் அப்பா மௌத்தான பிறகு இந்த வீட்டையும் கடையையும் ஒற்றையாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். மகளுக்கு மாப்பிள்ளை பேசியாகிவிட்டது. அதுகளுக்கு ஒழுகாத ஒரு வீடு வேண்டும் என்றுதான் கட்டடக்காரரைக் கூட்டி வந்தேன்.

வக்கீலைப் பார்க்க மாட்டேன்.

ஜைனப்

❖

டென்வர்
2 ஏப்ரல் 2001

தங்கச்சி,

உன் இரண்டு கேள்விக்கும் சுற்றி வளைத்து எழுத மனமில்லை. அதனால் ஒரு உண்மையைச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் மார்பில் கம்பிகளோடு படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் சாகப் பயந்தார். எனக்குப் பயம் இல்லை. “இன்னும் ஒன்றுமே ஆரம்பிக்கவில்லையே” என்றுதான் தோன்றியது. இளவயதெல்லாம் கப்பலின் எந்திர அறையில் போயிற்று. பிறகு இறைச்சிக் கிடங்குகளின் குளிர் அறை. எந்தத் துறைமுகத்திலும் ஊருக்குள் போய் ஒரு முழு நாள் இருந்ததில்லை. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று எல்லாவற்றையும் தள்ளிவைத்தேன். தள்ளிவைத்ததையெல்லாம் வாழ எனக்கு இன்னொரு தவணை வேண்டும், அவ்வளவுதான்.

கேலி செய்ய நினைத்தால் செய். வக்கீலை மட்டும் பார்.

தஸ்தகீர்

❖

29ஆம் தெரு, யாங்கோன்
20 ஜூன் 2001

அன்புள்ள காக்காவுக்கு ஸலாம்.

கேலி செய்யவில்லை. அந்தக் கடிதத்தைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு நேராக ஊ சுலைமான் வக்கீலிடம் போனேன். பாவம், வாடகைத் தகராறு வழக்கிலேயே தலை நரைத்த மனுஷர். நான் விஷயத்தைச் சொன்னதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் எனக்கு ஒரு கோப்பை லபெயே டீ வரவழைத்தார். அப்புறம் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுச் சட்டப் புத்தகங்களை இறக்கினார். அவருக்கு இப்படி ஒரு சந்தோஷமான வழக்கு வந்ததே இல்லையாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அம்மா, சட்டத்துக்கு ரெண்டு டப்பாதான். உயிரோட இருக்குறவன் ஒண்ணு, செத்தவன் ஒண்ணு. உங்க காக்கா எதுல?”

“தூங்குறாருன்னு வச்சுக்குங்களேன்.”

“தூங்குறவனுக்கு டாக்டர் சாவு சர்டிபிகேட் தர மாட்டான். சர்டிபிகேட் இல்லாம கம்பெனி ஐஸ்ல வைக்காது. வச்சா கொலைக் கேஸு. சர்டிபிகேட் வந்த நிமிஷமே சொத்து வாரிசுக்குப் போயிரும். வாரிசு யாரு? நீங்க. பேசாம வீட்டுக்குப் போங்க, எல்லாம் தானா உங்க கைக்கு வரும்.”

“அப்படி வர்ற வீடு எனக்கு வேணாம். அவரு எழுந்து வந்து கேட்டா நான் என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?”

அதற்கு மேல் அவர் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு வழியாகப் பார்த்தோம், காக்கா. உங்களுக்கு நீங்களே உயில் எழுதிக்கொள்ள முடியாது. எழுதியவர் இறந்தால்தான் உயில், வாங்குகிறவர் இருந்தால்தான் உயில். “எழுந்தால் திருப்பிக் கொடு” என்று நிபந்தனை வைத்து எனக்கு இப்போதே தானம் செய்யலாமா என்று கேட்டேன். தானம் செல்லும், நிபந்தனை செல்லாது என்கிறது நம் ஷரீஅத். நான் வாக்குத் தவற மாட்டேன், ஆனால் எனக்குப் பின்னால் வருகிறவர்களை நீங்கள் அறிய மாட்டீர்கள். வக்ஃப் செய்தால் அல்லாஹ்வின் சொத்தாகிவிடும். அவனிடமிருந்து திருப்பிக் கேட்பீர்களா?

இன்னொரு சிக்கலும் சொன்னார். நீங்கள் இறந்ததும் எல்லாப் பதிவிலும் உங்கள் பெயரை அடித்துவிடுவார்கள். எழுந்து வந்தால் அடையாள அட்டை இல்லை. பாஸ்போர்ட் இல்லை. எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாது. வெளிநாட்டுக்காரர் பெயருக்கு இங்கே வீட்டை மாற்ற முடியாது. உங்கள் சொந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்குவதற்கு நான் வார்டு ஆபீஸில் போய் “விருந்தாளி வந்திருக்கிறார்” என்று பதிய வேண்டும். ‘எங்கிருந்து வருகிறார்?’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன எழுதட்டும்?

கடைசியில் ஒரே ஒரு சந்து கிடைத்தது. வீட்டை ஒரு டிரஸ்டாக எழுதிவைக்கலாம். ஆனால் அதைக் காலாகாலத்துக்கும் கட்டிப்போட முடியாது. இன்றைக்கு உயிரோடு இருக்கும் ஒருவருடைய ஆயுள், அதற்கு மேல் ஒரு பதினெட்டு வருடம். அவ்வளவு காலத்துக்கு வீட்டை விற்காமல், இடிக்காமல் வைத்திருக்கலாம். அதற்குள் எழுந்துவிட்டால் சட்டம் உங்களை ஏற்கும்படி வாதாடுவது அன்றைய வக்கீலின் தலைவலி.

யாருடைய ஆயுளை வைக்கலாம், சொல்லுங்கள்.

ஜைனப்

❖

டென்வர்
15 ஜூலை 2001

தங்கச்சி,

இரண்டு தடவை படித்தேன், இரண்டு தடவையும் சிரித்தேன். அந்தக் கட்டத்தில் ‘கப்பலில் இருந்து’ என்று எழுது. ஓரளவு உண்மைதான்.

யார் நீண்ட நாள் இருப்பார்களோ அவர்கள் ஆயுளைத்தானே வைக்க வேண்டும்? வீட்டிலேயே இளையவள் நிலோஃபர்தான். அவள் பெயரைப் போடச் சொல். கல்யாணச் சீராக என் அறைக்கு மேல் ஓடு மாற்ற ஏற்பாடு செய்கிறேன். வாளிகளை எழுப்பிவிடு.

தஸ்தகீர்

❖

29ஆம் தெரு, யாங்கோன்
27 ஜனவரி 2002

காக்காவுக்கு,

நிகாஹ் படங்கள் கிடைத்திருக்கும். மாப்பிள்ளை ஷாஹுல் மிங்கலாடோனில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். ஓடு மாற்றிய அறையில்தான் இருவரும் இருக்கிறார்கள். உங்கள் அறை என்று நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

டிரஸ்டு ஏன் இன்னும் எழுதவில்லை என்று கேட்டீர்கள். எழுதுவதற்கு நாள் குறித்துக்கொண்டுதான் வக்கீலிடம் போனேன். போன இடத்தில், நிலோஃபருக்குத் தலைச்சுற்றல், கூட வரவில்லை என்று சொன்னேன். மனுஷர் பேனாவை மூடிவிட்டார்.

“எதுக்கு அவசரம்? பொறக்கப் போற புள்ள ஆயுளை வச்சா உங்க காக்காவுக்கு இன்னும் ஒரு தலைமுறை கூடக் கிடைக்கும். புள்ள பொறந்து அழுத மறுநாள் எழுதிருவோம்.”

ஆமாம், காக்கா. உங்கள் மருமகளுக்குக் குழந்தை. அல்ஹம்துலில்லாஹ். அவளைப் பார்த்தால் உங்கள் டிரஸ்டுக்காகவே உண்டானது போலப் பெருமையாக நடக்கிறாள்.

ஜைனப்

❖

டென்வர்
19 பிப்ரவரி 2002

ஜைனபு,

அல்ஹம்துலில்லாஹ்!

ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். இரும்புச் சத்து மாத்திரை, வைட்டமின், கொசுவலை. மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காதே. சாலையோரக் கடையில் மோஹிங்கா சாப்பிட வேண்டாம். ஓட்டை பஸ்ஸில் மிங்கலாடோனுக்குப் போகவே கூடாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் கொடு. மாடிப்படியில் கைப்பிடி ஆடுமே, அது இன்னும் ஆடுகிறதா? உடனே ஆசாரியைக் கூப்பிடு.

நீண்ட ஆயுள் தாயின் வயிற்றிலேயே தொடங்குகிறது என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். அந்தப் பக்கத்தையும் வைத்திருக்கிறேன். நிலோஃபருக்குப் படித்துக் காட்டு.

தஸ்தகீர்

❖

29ஆம் தெரு, யாங்கோன்
14 செப்டம்பர் 2002

காக்கா,

பெண் குழந்தை! உம்மாவுக்கு இருந்த அதே தாடைக்குழி. பெயர் ரிஹானா. பள்ளிக்கூடத்துக்கும் அரசாங்கத்துக்கும் தின்ஸா என்று பர்மியப் பெயர். பிரசவ வார்டில் கரண்ட் போய், நர்ஸ்கள் விளக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். சரியாக அவள் வெளியே வந்து வீறிட்டபோது கரண்ட் வந்தது. தெருப் பூராவும் வழக்கம்போல “மீ லாபீ!” என்று சத்தம் போட்டது. கரண்ட் வந்ததற்கு ஊர் போட்ட சத்தத்தைத் தனக்குப் போட்டதாக நினைத்து அழுகையை நிறுத்திக்கொண்டாள்.

வக்கீல் வரிக்கு வரி பார்த்துப் பத்திரம் தயாரித்துக் கொண்டிருக்கிறார். நீங்கள் இங்கே வந்து கையெழுத்துப் போட்டால்தான் பதிவார்களாம். என்ன செய்யலாம்?

ஜைனப்

❖

டென்வர்
3 நவம்பர் 2002

தங்கச்சி,

படம் வந்தது. குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். பாலுக்குத் திறக்கும்போதெல்லாம் பார்க்கிறாள். இருமல் என்று நிலோஃபர் அடிக்குறிப்பில் எழுதியிருந்தாளே, நின்றதா? சளி எந்த நிறம்? எடை என்ன? உடனே எழுது. அந்தக் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

வரத்தான் ஆசை. ஆனால் ஒரு சிக்கல். கம்பெனியின் விதி உனக்குத் தெரியாது. மரணம் நெருங்கும்போது அவர்களுடைய ஆட்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். இதயம் நின்ற சில மணி நேரத்துக்குள் குளிர்விக்கத் தொடங்காவிட்டால் எல்லாம் வீண். ரங்கூனில் இந்த இதயம் நின்றால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. “அங்கே போவது உங்கள் இஷ்டம், ஆனால் எங்கள் பொறுப்பு இல்லை” என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

தஸ்தகீர்

❖

29ஆம் தெரு, யாங்கோன்
8 டிசம்பர் 2002

காக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறாள். நன்றாகத் தூங்குங்கள்.

கம்பெனி சொல்வது வாஸ்தவம். இங்கே நீங்கள் மௌத்தானால் ஐஸுக்கு மீன் மார்க்கெட்டுக்குத்தான் ஓட வேண்டும். அதுவும் வந்து சேர்வதற்குள் பாதி கரைந்துவிடும். அதனால் வாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நான் சொல்லி நீங்கள் வந்து ஏதாவது ஆகிவிட்டால், உங்களுடைய அந்த இன்னொரு தவணையை நான் பறித்ததாகிவிடும்.

உங்கள் மருமகள் சொன்னதை மட்டும் எழுதிவிடுகிறேன். “மாமா எழுந்து வர்றப்போ இவ கிழவியா இருப்பா உம்மா. இல்ல, இருக்கவே மாட்டா. அவரு இவளப் பாக்கவே போறதில்ல.”

எனக்கு அதுவரை அது தோன்றவில்லை, காக்கா.

ஜைனப்

❖

டென்வர்
30 ஜனவரி 2003

ஜைனபு,

எனக்கும் தோன்றவில்லை.

மார்ச்சில் வருகிறேன். ஒரு மாதம் மட்டும். டாக்டரிடம் கேட்டுவிட்டேன், கம்பெனியிடம் கேட்கவில்லை. வார்டு ஆபீஸில் சொல்லிவை.

தஸ்தகீர்

❖

மக்கா
4 ஜனவரி 2004

அன்புள்ள காக்காவுக்கு, உங்கள் தங்கை ஜைனப் கஃபாவின் நிழலில் உட்கார்ந்து துஆ செய்துவிட்டு எழுதுவது.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் ஒரு மாதத்துக்கு வந்து வருடம் முடியப் போகிறது. திரும்பும் டிக்கெட்டை முதலில் குழந்தைக்குப் பல் முளைக்கட்டும் என்று மாற்றினீர்கள். அப்புறம் மழை ஓயட்டும் என்றீர்கள். அப்புறம் காரணமே சொல்லாமல் மாற்றினீர்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதையும் அப்படியே தள்ளிவைத்தீர்கள். நீங்கள் வீட்டில் இருக்கிற தைரியத்தில்தான் கடையைப் பூட்டாமல் என்னால் ஹஜ்ஜுக்கு வர முடிந்தது.

நேரில் சொல்ல வாய் வராததை இங்கிருந்து எழுதுகிறேன். ஊ சுலைமானிடம் இரண்டு பத்திரம் இருக்கின்றன. ஒன்று உங்கள் டிரஸ்டு, வீட்டை அப்படியே வைத்திருக்க. இன்னொன்று கட்டடக்காரருடையது, இடித்துக் கட்ட. இரண்டிலும் என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். எதில் நீங்கள் போடுகிறீர்களோ அது நடக்கும். இரண்டு பங்கு உங்களுடையது. எதைச் செய்தாலும் நான் முகம் சுளிக்க மாட்டேன். அல்லாஹ்வின் வீட்டு வாசலில் இருந்து சொல்கிறேன்.

இங்கே உங்களுக்காக என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீண்ட ஆயுளைக் கேட்டேன். எந்த வகை என்று சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும்.

ரிஹானா என்னைத் தேடுகிறாளா? அடுத்த ஹஜ் குழுவில் நம் தெரு ரஹ்மத்துல்லா வருகிறார். அவர் கையில் பதில் கொடுத்தனுப்புங்கள்.

ஜைனப்

❖

யாங்கோன்
25 ஜனவரி 2004

அன்புத் தங்கை ஹாஜிமா ஜைனபுக்கு (ஹஜ் இன்னும் முடியவில்லை, தெரியும். முன்கூட்டியே வைத்துக்கொள்),

ரஹ்மத்துல்லா வாசலில் நிற்கிறார். மீதிப் பொத்தான் பெட்டிகளை இறக்கிவைக்க அவரையே பிடித்து வேலை வாங்கிக்கொண்டு இதை எழுதுகிறேன். ஏன் இறக்குகிறோம் என்று பின்னால் சொல்கிறேன்.

ரிஹானா உன்னைத் தேடவில்லை. பொய் சொல்ல மனமில்லை. நாள் முழுக்க “போபோ, போபோ” என்று என் பின்னாலேயே நடக்கிறாள். தாத்தா என்று தமிழில் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன், பர்மியில்தான் கூப்பிடுவேன் என்கிறாள். எனக்கு எந்த மொழியாக இருந்தாலும் சரி.

உன் கடிதம் வந்த மறுநாள் ஊ சுலைமானிடம் போனேன். இவளையும் தூக்கிக்கொண்டுதான். அவர் டிரஸ்டுப் பத்திரத்தை முன்னால் வைத்தார். அழகாகத்தான் எழுதியிருக்கிறார். நான் பர்மிய எழுத்துப் படித்து எத்தனையோ காலம் ஆயிற்று, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் படிக்க முடிந்தது. இவள் என் மடியில் உட்கார்ந்து வக்கீலுடைய ரப்பர் முத்திரையைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பக்கத்தில், ‘மேற்படி குழந்தை ரிஹானா இறக்கும் நாள் வரையிலும், இறந்த பின் பதினெட்டு ஆண்டுகள் முடியும் வரையிலும்’ என்று வந்தது. அந்த ‘இறந்த’ என்ற சொல்லைக் கூட்டி முடித்ததும் என் கை நின்றுவிட்டது.

“என்னாச்சு காக்கா? நெஞ்சு வலியா?” என்று எழுந்துவிட்டார்.

“இல்ல வக்கீல் சார். இந்தச் சொல்ல எடுக்க முடியுமா?”

“அதுதானே பத்திரமே! அவ ஆயுள்தானே உங்க கணக்கு. அவ போன பிறகும் உங்களுக்கு நேரம் இருக்கணும்னுதானே இத்தனை பாடு பட்டோம்?”

அவர் சொன்னது முழுக்கச் சரி. நான் கேட்டது அதைத்தான். இந்த மூன்று வருடமும் கேட்டேன். ஆனால் ஜைனபு, இவள் இல்லாத ஒரு காலத்தில் நான் எழுந்து வந்து, அந்த வீட்டுக் கதவைத் திறந்து, எதற்கு உள்ளே போவேன்? அவள் சாவை எழுதிய தாளில், அவள் என் மடியில் இருக்கும்போது, என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. என் சாவை எழுதிய எத்தனையோ தாள்களில் கண் இமைக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்.

“அடுத்ததக் குடுங்க” என்றேன்.

“நல்லா யோசிச்சீங்களா?”

“யோசிக்கல. அதான் கைய நீட்டுறேன், சீக்கிரம்.”

கட்டடக்காரரின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கடைக்குப் பின்னால் தரைத்தளம் நமக்கு என்று பேசியிருக்கிறது. கட்டடக்காரரிடம் லிஃப்ட் கேட்டுப் பார்த்தேன். “கரண்டே இல்லாத ஊர்ல லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு என்ன செய்வீங்க அங்கிள்?” என்றார். நியாயம்தான். என் இரண்டு பங்கில் ஒன்று நிலோஃபருக்கு என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். முகம் சுளிக்க மாட்டேன் என்று நீ எங்கே நின்று சொன்னாய் என்பதை மறந்துவிடாதே.

கம்பெனிக்கும் எழுதிவிட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை, என் இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள், எனக்கு இங்கே வேலை வந்துவிட்டது என்று இரண்டு வரி. குளிப்பாட்டுவது யார் என்று நீ கேட்டிருந்தாய். மாப்பிள்ளை ஷாஹுல் தான் செய்வதாகச் சொல்லிவிட்டார். “ஆனா அவசரமில்ல மாமா” என்றார். நல்ல பிள்ளை.

வீட்டை நாளை மறுநாள் இடிக்கத் தொடங்குகிறார்கள். அதற்குத்தான் பெட்டிகள் இறங்குகின்றன. நீ வரும்போது அங்கே வெறும் வானம் தெரியும், பயந்துவிடாதே. எதிர்வரிசைக் கட்டடத்தில் முதல் மாடியை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். வாசலில் பச்சைக் கயிறு ஒன்று தொங்கும். மேலே மணி கட்டியிருக்கிறது. அதை இழு. அவள் முதலில் ஓடி வருவாள், நான் மெதுவாக வந்து மேலேயிருந்து கதவுச் சாவியை உன் கைக்குக் கீழே போடுவேன்.

உன் காக்கா
தஸ்தகீர்